கிரேட் ஸ்லேவ் ஏரியின் சுவர் வரைபடம்: வாங்கத் தகுந்ததா?

துருவ ஒளியைக் காண வட கனடாவிலுள்ள யெல்லோநைஃப் செல்லத் திட்டமிடுவோர் அந்நகரம் அமைந்துள்ள ஏரியையும் அறிந்துகொள்வது நல்லது என்பதால், சிங்கப்பூரின் பிராஸ் பாசா வளாகத்துக் கடை ஒன்றில் 45 வெள்ளிக்கு இந்த வரைபடத்தை வாங்கினேன்.

இதன் தனிச்சிறப்பு ஆழத்தைக் காட்டும் நிறங்கள்தான். ஏரியின் மேற்குப் பகுதி வெளிர் நீலமாகப் பரந்து கிடக்க, கிழக்குக் கை எனப்படும் பகுதியில் நிறம் திடீரென்று கருநீலமாகிறது. மேற்கே படிவுப் பாறைகளாலான சமவெளி. அங்கு ஸ்லேவ் ஆறு வண்டலைக் கொண்டுவந்து சேர்க்கிறது. கிழக்கே கனடியக் கேடயம் எனப்படும் பரந்த பாறை நிலப்பரப்பின் தொன்மையான கடும்பாறை; அதன் பிளவுகளைப் பனியாறுகள் மேலும் குடைந்துவிட்டன. அதனால் கிறிஸ்டி விரிகுடாவில் ஆழம் 614 மீட்டரை எட்டுகிறது. வட அமெரிக்காவில் இதைவிட ஆழமான ஏரி இல்லை. சிங்கப்பூரின் மிக உயரமான புக்கிட் தீமா குன்றைப் போல மூன்றை ஒன்றன்மேல் ஒன்றாக நிறுத்தினாலும் உச்சி நீருக்கு வெளியே தெரியாது. பனியுகத்தின் முடிவில் இங்கே பரவியிருந்த மெக்கானெல் என்னும் பேரேரியின் எல்லையைப் புள்ளிக்கோட்டால் குறித்திருப்பது, கிரேட் பேர், அத்தபாஸ்கா ஏரிகளும் அதன் எச்சங்களே என்பதை ஒரே பார்வையில் உணர்த்துகிறது.

வரலாற்றுக் குறிப்புகள் இந்தத் தரத்தில் இல்லை. 1771ஆம் ஆண்டில் ஆங்கிலேயப் பயண ஆய்வாளர் சாமுவேல் ஹியர்ன் ஏரியைக் "கண்டுபிடித்தார்" என்று ஒரு கட்டம் சொல்கிறது. அவரை அழைத்துச் சென்ற டெனே என்னும் பூர்வகுடி இனத் தலைவர் மட்டோனபியின் பெயரே அதில் இல்லை. வழி தெரிந்தவரை விட்டுவிட்டுப் பின்னால் நடந்தவருக்கு மாலை சூட்டுவதை என்னவென்பது! 1789இல் அலெக்சாண்டர் மெக்கன்சி இங்கிருந்து ஆற்றுவழியே ஆர்க்டிக் பெருங்கடலை அடைந்த பாதை மட்டும் தெளிவாக வரையப்பட்டுள்ளது.

இதைவிடப் பெரிய குறை, யெல்லோநைஃப் அருகே ஜயன்ட் சுரங்கத்தைச் சிறிய கோடரிச் சின்னத்தோடு முடித்துக்கொண்டது. 1948 முதல் 2004 வரை இயங்கிய அந்தத் தங்கச் சுரங்கத்தில் தாதுவை வறுத்தபோது வெளியான கொடிய நச்சான ஆர்செனிக் டிரையாக்சைடு தூசி ஏறத்தாழ 2,37,000 டன், ஏரிக்கரையை ஒட்டிய நிலத்தடி அறைகளில் இன்னும் உள்ளது. உயர்நிலைப் பள்ளி மாணவரின் புவியியல் ஒப்படைப்புக்காக வாங்குபவர்கள் இத்தகவலை வேறிடத்தில்தான் தேடிச் சேர்க்கவேண்டும். 2019இல் அமைந்த தைடெனே நெனே தேசியப் பூங்கா ஒதுக்ககத்தின் எல்லை மட்டும் சரியாக உள்ளது.

தாள் தடிப்பானது, அச்சும் கூர்மை. ஆயினும் நம் ஊர் ஈரப்பதத்தில் இரண்டே வாரங்களில் ஓரங்கள் சுருளத் தொடங்கின; வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டுச் சுவரில் மாட்டுவோர் பிளாஸ்டிக் உறையிட்ட பதிப்பைக் கூடுதலாக 12 வெள்ளி கொடுத்தே வாங்கிவிடலாம்.