துடிப்பை எண்ணுவதா, குழந்தையின் வழக்கத்தைக் கவனிப்பதா?

கர்ப்பத்தில் ஏழாம் மாதம் தொடங்கியதும் ஆஸ்பத்திரியில் "துடிப்பைக் கவனிச்சுக்கோம்மா" என்பார்கள். துடிப்பு என்றால் இங்கே வயிற்றில் குழந்தையின் அசைவு. எப்படி என்பதில்தான் ஆளுக்கொரு வழி.

பழையது, 1970களில் பிரிட்டனில் வந்த கார்டிஃப் முறை. காலையில் எண்ணத் தொடங்கி 12 மணி நேரத்துக்குள் பத்து அசைவு வந்ததா என்று பார்ப்பது. சுறுசுறுப்பான குழந்தை காலை டிபன் முடிவதற்குள் பத்தைத் தொட்டுவிடும். மதியத்துக்கு மேல் அது அடங்கிக் கிடந்தாலும் எண்ணிக்கையைக் குறிக்கும் அட்டையில் டிக் விழுந்தாயிற்று. எனக்கு இதில் அவ்வளவு நம்பிக்கை இல்லை.

சாப்பிட்டபின் மூன்று வேளையும் ஒரு மணி நேரம் இடப்பக்கம் ஒருக்களித்துப் படுத்து எண்ணுவது அடுத்தது. மணிக்குக் குறைந்தது மூன்று அசைவு வரவேண்டும் என்பது இங்கே பரவலான கணக்கு. இதில் பெரிய லாபம் எண்ணிக்கையைவிட அந்தப் படுக்கைதான். அடுப்படியில் நின்றுகொண்டிருக்கும்போது பாதி அசைவு மனதில் பதியாது.

சரி, எண்ணினால் வயிற்றிலேயே குழந்தை இறப்பது குறைகிறதா? 68,000க்கும் மேற்பட்ட பெண்களை வைத்து நடந்து 1989 இல் வெளியான ஆய்வில், எல்லோரையும் எண்ணச் சொன்னதால் இறப்பு குறைந்ததாகத் தெரியவில்லை. அதனால் இன்று பல நாடுகளில் எண்ணிக்கையைவிட வழக்கத்துக்கே முதலிடம். உங்கள் குழந்தை எப்போது புரளும், எப்போது தூங்கும் என்று உங்களுக்குத்தான் தெரியும். ஒரு தூக்கம் பெரும்பாலும் 20 முதல் 40 நிமிடம். 90 நிமிடத்தைத் தாண்டுவது அரிது. தினமும் ராத்திரி பத்து மணிக்கு விலாவில் உதைக்கும் குழந்தை இன்று உதைக்கவில்லை என்றால், அட்டை என்ன சொன்னாலும் அது செய்திதான். என் ஓட்டு இதற்கே. நஞ்சுக்கொடி கர்ப்பப்பையின் முன்பக்கம் இருப்பவர்களுக்கு மட்டும் ஆரம்பத்தில் அசைவு மங்கலாகத் தெரியும், வழக்கம் பிடிபடக் கொஞ்சம் நாளாகும்.

ஆன்லைனில் விற்கும் வீட்டு டாப்ளர் (குழந்தையின் இதய ஒலியைக் கேட்கும் கருவி) வேண்டவே வேண்டாம். அம்மாவின் நாடியையே குழந்தையின் இதயம் என்று நினைத்துவிடலாம். குழந்தை சோர்ந்திருக்கும்போதும் இதயம் அடித்துக்கொண்டுதான் இருக்கும்.

அப்புறம், "கடைசி மாசத்துல இடம் பத்தாது, துடிப்பு குறையும்" என்று வீட்டில் பெரியவர்கள் சொல்வார்கள். அசைவின் தன்மை மாறலாம், குறையக் கூடாது. சந்தேகம் வந்தால் படுத்து எண்ணிப் பாருங்கள். இரண்டு மணி நேரத்தில் பத்து வரவில்லை என்றாலோ, பத்து வந்தும் மனசு ஒப்பவில்லை என்றாலோ, விடியட்டும் என்று இருக்காமல் அப்போதே ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள். அங்கே வயிற்றில் பெல்ட் கட்டி சி.டி.ஜி. (குழந்தையின் இதய ஓட்டத்தைப் பதிவுசெய்யும் சோதனை) எடுத்துப் பார்ப்பார்கள்.