எட்டு வயதுச் சின்ன கார்: முதலில் ரப்பரைப் பாருங்கள்

என் கார் 1.2 லிட்டர் பெட்ரோல், ஐந்து கியர், 14 அங்குலச் சக்கரம். எட்டு வருடத்தில் 52,000 கி.மீ.தான் ஓடியிருக்கிறது. அவ்வளவு குறைவாக ஓடிய வண்டியைப் போன வருடம் விற்றுவிடலாம் என்ற முடிவுக்கே வந்துவிட்டேன். சிக்னலில் நிற்கும்போது ஸ்டியரிங் நடுங்கும், சாவிக்கொத்து கிலுகிலுவென்று ஆடும். வேகத்தடையில் இறங்கினால் முன்பக்கம் 'டொக்' என்று ஒரு சத்தம். ஸ்பார்க் பிளக் மாற்றினேன், என்ஜினுக்குள் போகும் காற்றைக் கட்டுப்படுத்தும் த்ராட்டில் பாடியைச் சுத்தம் செய்தேன். நடுக்கம் மட்டும் போகவே இல்லை.

வழக்கமாகப் போகும் மெக்கானிக் பானெட்டைத் திறந்து வைத்துவிட்டு, என்னை முன்னால் நிற்காமல் பக்கத்தில் ஒதுங்கி நின்று என்ஜினையே பார்க்கச் சொன்னார். அவர் உள்ளே உட்கார்ந்து ஹேண்ட் பிரேக்கைப் போட்டு, கால் பிரேக்கையும் மிதித்துக்கொண்டு, முதல் கியரில் கிளட்ச்சை லேசாக விட்டார். என்ஜின் ஒரு பக்கமாகத் தூக்கி, 'தொப்' என்று உட்கார்ந்தது. ரிவர்ஸ் கியரில் எதிர்ப்பக்கம் அதே கதை. அப்புறம் ஒரு கம்பியை விட்டு, என்ஜினைத் தாங்கும் மூன்று மவுண்ட்களில் ஒன்றை நெம்பிக் காட்டினார். ரப்பர் பாதிக்கு மேல் கிழிந்து வாய் பிளந்திருந்தது. "என்ஜின் நல்லாத்தான் இருக்கு சார். அதைத் தாங்குற ரப்பர்தான் போச்சு" என்றார்.

எனக்கு அது பெரிய விஷயமாகப் பட்டது. என்ஜினுக்கும் பாடிக்கும் நடுவில் இருக்கும் அந்த ரப்பர்தான் அதிர்வை வாங்கிக்கொள்கிறது. அது கிழிந்தால் இரும்பு இரும்போடு உரசி, அதிர்வு முழுக்க நம் கைக்கும் சீட்டுக்கும் வந்துசேரும். கிழிந்ததை மட்டும் மாற்றினால் போதும் என்று சிலர் சொல்வார்கள். நான் மூன்றையும் மாற்றினேன். புதியது ஒன்றும் தளர்ந்தது இரண்டுமாக இருந்தால், பளு முழுக்கப் புதியதன் மேல்தான் விழும். முன்பெல்லாம் வண்டி நிற்கும்போது கப் ஹோல்டரில் இருக்கும் பாட்டிலின் தண்ணீரில் ஓயாமல் சிற்றலை ஓடும். மவுண்ட் மாற்றிய அன்று அந்தத் தண்ணீர் அசையாமல் இருந்ததை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

முன்பக்கச் சத்தத்துக்கும் காரணம் ரப்பர்தான், முன்சக்கரத்தைப் பாடியோடு இணைக்கும் லோயர் ஆர்மில் இருக்கும் புஷ். அதோடு சஸ்பென்ஷனில் ஆட்டம் கண்டிருந்த லிங்க் ராடுகளையும் மாற்றினார். இந்த வேலை செய்தால் வீல் அலைன்மென்ட்டை, அதாவது சக்கரங்கள் நிற்கும் கோணத்தை, கட்டாயம் சரிபார்க்க வேண்டும், இல்லையென்றால் டயர் ஒரு பக்கமாகத் தேயும்.

குறைவாக ஓட்டுகிறோம், அதனால் எதுவும் தேய்ந்திருக்காது என்றுதான் அதுவரை நம்பிக்கொண்டிருந்தேன். கி.மீ. கணக்கு பிரேக் பேடுக்குச் சரி. ரப்பர் ஓடாமல் நின்றாலும் வெயிலிலும் என்ஜின் சூட்டிலும் இறுகிக்கொண்டேதான் இருக்கும்.

டயரும் அப்படித்தான். என் பழைய டயரில் 3 மில்லிமீட்டர் பட்டன் (சாலையில் படும் ரப்பர் கட்டிகளின் உயரம்) மிச்சம் இருந்தது. டயரை மாற்றச் சொல்லும் தேய்மானக் குறியோ 1.6 மில்லிமீட்டரில்தான் இருக்கிறது. பார்த்தால் இன்னும் ஓட்டலாம் என்றே தோன்றும். ஆனால் பக்கச்சுவரில் தலைமுடி போல விரிசல்கள், மழை நாளில் பிரேக் பிடித்தால் வழுக்கல். பக்கச்சுவரிலேயே நான்கு இலக்கக் குறி ஒன்று இருக்கும். என்னுடையதில் 4217, அதாவது 2017-ஆம் ஆண்டின் 42-வது வாரத்தில் செய்தது. புது டயர் வாங்கும்போதும் இந்த எண்ணைப் பார்த்துவிட்டே வாங்குங்கள்.

என் டயரின் 175/65 ஆர்14 அளவுக்குப் பதில் 185/60 ஆர்14 போடலாம் என்றார்கள் (முதல் எண் மில்லிமீட்டரில் அகலம்). தவறான யோசனை இல்லை. மொத்த விட்டம் 583-லிருந்து 578 மில்லிமீட்டராகத்தான் குறையும், ஒரு சதவீதம்கூட வித்தியாசம் இல்லை. இருந்தும் பழைய அளவிலேயே, ஈரத்தில் நன்றாகப் பிடிக்கும் ரகமாகப் பார்த்து வாங்கினேன். பத்து மில்லிமீட்டர் கூடுதல் அகலத்தைவிட ரப்பரின் தரம் பெரிது என்பது என் கணக்கு. ஸ்டியரிங் லேசாகவே இருக்கிறது, மைலேஜும் குறையவில்லை, மழையில் இப்போது பயமில்லாமல் ஓட்டுகிறேன்.

ஹெட்லைட்டில் மட்டும் தடம் மாறிப் போய்த் திரும்பினேன். எல்.இ.டி. பல்பு வாங்கிப் போட்டதும் சுவரில் பளீரென்று இருந்தது. சாலையில் எதிரே வருபவர்கள் எல்லோரும் லைட்டை அடித்துக் காட்டினார்கள். ஹாலோஜனுக்காக வடிவமைத்த ரிஃப்ளெக்டரில் ஃபிலமென்ட் எங்கே இருக்கிறதோ, ஒளி மிகச்சரியாக அங்கிருந்தே கிளம்ப வேண்டும். கொஞ்சம் விலகினாலும் வெளிச்சம் சிதறி அடுத்தவர் கண்ணில்தான் விழும். ஒரே வாரத்தில் கழற்றிவிட்டு, பழையபடி 60/55 வாட் எச்4 பல்பையே போட்டேன். கூடவே ரிலே ஒயரிங்: லைட் சுவிட்ச் ரிலேயை (மின்சாரத்தில் இயங்கும் ஒரு சுவிட்ச்) மட்டும் இயக்கும், பல்புக்கான கரண்ட் பேட்டரியிலிருந்து ஃப்யூஸ், ரிலே வழியாக நேராக வரும். என்ஜின் ஓடும்போது பல்பு முனையில் மீட்டர் வைத்துப் பார்த்தேன். முன்பு 11.7 வோல்ட், இப்போது 13.1. ஹாலோஜனில் வோல்டேஜ் பத்து சதவீதம் குறைந்தாலே வெளிச்சம் முப்பது சதவீதம் போல இறங்கிவிடும். அதனால் இந்தச் சின்ன மாற்றம் இரவில் நன்றாகவே தெரிகிறது. இதைத் தயங்காமல் பரிந்துரைப்பேன், ஒயரிங் தெரிந்தவர் கையால் செய்வதாக இருந்தால்.

ரிவர்ஸ் கேமராவும் போட்டேன். உபயோகமானது, அவ்வளவுதான்.

அடுத்து ரேடியேட்டர் ஹோஸ், அதாவது என்ஜினைக் குளிர்விக்கும் திரவமான கூலன்ட் ஓடும் ரப்பர் குழாய். காலையில் என்ஜின் ஆறியிருக்கும்போது விரலால் அழுத்திப் பார்த்தேன். நடுவில் நன்றாக அமுங்குகிறது, கிளாம்ப் பக்கத்தில் கட்டைபோல இறுகியிருக்கிறது. கூலன்ட் மாற்றும்போது மேல், கீழ் இரண்டு ஹோஸையும் மாற்றிவிடச் சொல்லியிருக்கிறேன்.