இடைவேளை போக வேலை நேரம்: மூன்று வருட அனுபவம்

மணிக்கணக்கில் சம்பளம் வாங்குகிறவன் நான். இடைவேளை போக எவ்வளவு நேரம் வேலை பார்த்தேன் என்பதை மூன்று வருடமாக எக்செல்லில் நானே குறித்து வருகிறேன். அதற்கு முன்பு ஒரு மொபைல் செயலி வைத்திருந்தேன். அதை ஏன் விட்டேன் என்பதிலிருந்து தொடங்குகிறேன்.

அந்தச் செயலி தினமும் அரை மணி நேரத்தைத் தானாகவே கழித்துவிடும். சாப்பிட உட்கார்ந்தேனா இல்லையா என்று கேட்காது. ஒரு மாதம் வேலை நெருக்கடியில் ஆறு நாள் இடைவேளையே எடுக்கவில்லை. மாதக் கடைசியில் கணக்குப் பார்த்தால் மூன்று மணி நேரம் குறைகிறது. வேலை செய்த நேரம் அது, மனசு ஆறவில்லை. இனி இடைவேளைக்கும் தொடங்கிய நேரம், முடிந்த நேரம் இரண்டையும் எழுதுவது, குத்துமதிப்பாகக் கழிப்பதில்லை என்று அன்றைக்கே முடிவெடுத்தேன்.

இப்போது ஒரு நாளுக்கு ஒரு வரி. நேற்றைய வரியைச் சொல்கிறேன். வந்தது 8:50, கிளம்பியது 17:35. மொத்தம் 8 மணி 45 நிமிடம். இடைவேளை 10:40–10:52, 13:05–13:41, 15:30–15:44. மூன்றும் சேர்ந்து 62 நிமிடம். அது போக 7 மணி 43 நிமிடம்.

இதை 7.43 என்று எழுதிச் சம்பளத்தோடு பெருக்கிவிடாதீர்கள். 43ஐ 60ஆல் வகுத்தால் 0.72, ஆக 7.72 மணி. 7.43 என்று போட்டால் ஒரே நாளில் 17 நிமிடம் காணாமல் போகும். எக்செல் ஒரு முழு நாளை 1 என்று வைத்து, நேரத்தை அதன் பின்னமாகச் சேமிக்கிறது. காலை 6 மணி அதற்கு 0.25. அதனால் எக்செல் தரும் விடையை 24ஆல் பெருக்கி, அந்த செல்லை (கட்டத்தை) எண் வடிவத்துக்கு மாற்றினால் போதும்.

முதல் வாரம் கூட்டியபோது 38 மணி 35 நிமிடம் வர வேண்டிய இடத்தில் 14:35 என்று காட்டியது. ஃபார்முலா சரிதான். 24 மணியைத் தாண்டினால் கடிகாரம் மாதிரி மறுபடி பூஜ்யத்திலிருந்து காட்டுகிறது, அவ்வளவுதான். செல் வடிவத்தில் மணிக்கான h எழுத்தைச் சதுர அடைப்புக்குறிக்குள், [h] என்று போட்டதும் முழுத் தொகையும் வந்துவிட்டது.

நைட் ஷிப்ட்தான் அதிகம் படுத்தியது. 22:00க்கு வந்து 6:00க்குக் கிளம்பினால் கழித்தல் விடை மைனஸில் போய், செல் முழுக்க # குறிகள். கழித்த விடையை, வகுத்தால் வரும் மீதியைத் தரும் 'மாட்' (MOD) ஃபங்ஷனுக்குள் வைத்து, வகுக்கும் எண்ணாக 1 கொடுத்தால் 8 மணி நேரம் சரியாக வரும். 23:50க்குத் தொடங்கி 0:20க்கு முடியும் இடைவேளைக்கும் இதையே போட வேண்டும். பலரும் ஷிப்டுக்கு மட்டும் போட்டுவிட்டு இதை மறந்துவிடுகிறார்கள்.

நேரத்தைப் பதிய, அப்போதைய நேரத்தைக் காட்டும் 'நவ்' (NOW) ஃபங்ஷன் வேண்டவே வேண்டாம். ஷீட்டை மறுநாள் திறந்தால் முந்தைய நாள் நேரமெல்லாம் மாறியிருக்கும். எனக்கு ஒரு வாரப் பதிவு அப்படிப் போனது. கன்ட்ரோல், ஷிப்ட், அரைப்புள்ளி மூன்றையும் சேர்த்து அழுத்தினால் அந்த நிமிடம் அப்படியே பதிந்து நிற்கும்.

அப்புறம், எல்லா இடைவேளையையும் கழிக்கலாமா என்பதை உங்கள் வேலை ஒப்பந்தத்தில் பாருங்கள். சம்பளம் உண்டு என்று சொல்லப்பட்ட டீ இடைவேளையையும் நான் எட்டு மாதமாக வேலை நேரத்திலிருந்து கழித்துக்கொண்டிருந்தேன். இப்போது ஷீட்டில் சம்பளம் உள்ளதற்கு ஒரு நெடுவரிசை, இல்லாததற்கு ஒரு நெடுவரிசை. கழிப்பது இரண்டாவதை மட்டும். நேரத்தைக் கால் மணிக் கணக்கில் (15, 30, 45 நிமிடம் என்று) முழுமையாக்குவது வழக்கம் என்றால், அதையும் தினமும் செய்யாமல் வார மொத்தத்தில் ஒரே தடவை செய்கிறேன்.

ஒரு குறை மட்டும் இன்னும் இருக்கிறது. சாப்பாட்டு நேரத்தில் வேலை விஷயமாகப் போன் வந்தால் இடைவேளையை அங்கேயே முடித்து, பேசிய பிறகு புதிதாகத் தொடங்க வேண்டும். ஒரு நாளுக்கு நான்கு இடைவேளைக்குத்தான் இடம் விட்டிருக்கிறேன். சில நாள் அது பற்றவில்லை. அடுத்த மாத ஷீட்டில் ஆறாக்கப் போகிறேன்.