பழைய பனைப் படங்களுக்கு நம்பிக் கொடுக்கலாம்: மத்திய வீதி பிரிண்ட் கடை

தாவரவியலாளர் வில்லியம் கிரிஃபித்தின் பனைப் புத்தகம் (பிரம்பு, ஈஞ்சு எல்லாம் பனைக் குடும்பம்தான்), 1850இல் கல்கத்தாவில் வந்தது, அதன் ஸ்கேனை திருகோணமலை மத்திய வீதியில் ஒரு சின்னக் கடையில் கொடுத்து ஏ3 தாளில் எடுப்பித்து பைண்ட் பண்ணினேன். வேலை அருமை. இந்தப் படங்களின் உயிரே அடியில் பொடியாக வரைந்திருக்கும் பூ, காய் வெட்டுமுகங்கள்தான், அது மங்கினால் எந்தப் பிரம்பு எது என்று பிடிக்க முடியாது. கடைக்கார அண்ணை முதல் தாளைப் பார்த்ததுமே "கோடு உடையுது தம்பி, பொறுங்கோ" என்று திரும்ப எடுத்தார், அதற்குக் காசும் வாங்கவில்லை.

அந்தப் படங்களுக்குப் பின்னால் இருக்கும் கஷ்டத்தை நினைத்தால் மலைப்பாக இருக்கிறது. ஆள் உயரத்தைத் தாண்டும் ஓலையைத் துண்டு போட்டு ஒரு தாளுக்குள் அடக்க வேண்டும், பிரம்பென்றால் உடம்பெல்லாம் முள், பூ உச்சியில், அதிலும் ஆண் பூ ஒரு செடியில் பெண் பூ இன்னொன்றில், மழைக்காட்டு ஈரத்தில் காய முன்னமே பூஞ்சணம் பிடித்துவிடும். அரைகுறை மாதிரியைப் பார்த்து ஒரே செடிக்கு ஆளாளுக்குப் பெயர் வைத்தார்கள். நம் பற்றைக்காட்டு ஈஞ்சுக்கு தாவரவியலாளர் கேர்ட்னர் 1788இலேயே ஃபீனிக்ஸ் புசில்லா என்று அறிவியல் பெயர் வைத்திருக்க, பிறகு வந்த தாவரவியலாளர்களில் ரொக்ஸ்பரோ ஃபரினிஃபெரா என்றார், ட்ரைமன் சைலானிக்கா என்றார். கிரிஃபித் 1845இல் மலாக்காவில் 34 வயதில் இறந்துபோனார், அவர் விட்டுப்போன குறிப்புகளை ஜோன் மக்கிளெலண்ட் என்பவர் தொகுத்துத்தான் புத்தகமே வந்தது.

ஒரே குறை, பைண்டிங் இறுக்கம், நடுவோரம் விரியாது. கொடுக்கும்போதே உள் ஓரம் கூட விடச் சொல்லுங்கோ. விலை கொஞ்சம் கூடத்தான், ஆனால் தகும்.