ஓப்பன் சைட்டா, ரிஃப்ளெக்ஸ் சைட்டா?

பாளையங்கோட்டையில் ஏர் பிஸ்டல் (காற்றழுத்தக் கைத்துப்பாக்கி) பழகும் பிள்ளைகள், குறிபார்க்கும் கருவியான சைட்டைப் பற்றி அடிக்கடி கேட்பது இது. ஓப்பன் சைட்டில் துப்பாக்கியின் மேலுள்ள பின்பள்ளம், முன்முனை, இலக்கு மூன்றையும் ஒரே கோட்டில் நிறுத்த வேண்டும். கண்ணோ ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் தெளிவாகப் பார்க்கும். ரிஃப்ளெக்ஸில் அந்தப் பாடு இல்லை. சின்ன எல்இடி ஒளி வளைந்த கண்ணாடியில் பட்டு இணைகதிர்களாகத் திரும்புவதால், சிவப்புப் புள்ளி இலக்கின் மேலேயே மிதப்பதுபோல் தெரியும். தலை சற்று நகர்ந்தாலும் குறி பெரிதாக மாறாது. டப்ளின்காரர் ஹோவர்ட் கிரப் 1900இலேயே இதற்கு வழி கண்டார். வேகப் போட்டிக்கு இதுதான் சரி, இரண்டு கண்ணையும் திறந்தே சுடலாம்.

ஆனால் 10 மீட்டர் ஏர் பிஸ்டல் போட்டியில் ஓப்பன் சைட்டுக்கு மட்டுமே அனுமதி. அப்புறம், நம்ம ஊர் சித்திரை வெயிலில் புள்ளி மங்கும். புதியவர்கள் ஓப்பன் சைட்டிலேயே தொடங்கட்டும் என்பேன். புள்ளியில் கை நடுக்கம் அப்படியே தெரிய, பதறி விசையைச் சுண்டிவிடுகிறார்கள்.