ஓவர்டிரைவ் முன்னாலா, பின்னாலா? டிஸ்டார்ஷனோடு சேரும்போது எந்த வரிசை எதற்கு

கிட்டாருக்கும் ஆம்புக்கும் நடுவே வைத்துக் காலால் மிதிக்கும் இரண்டு பெடல்களின் குமிழ்களையும் தொடாமல், ஒயரை மட்டும் இடம் மாற்றிப் போட்டாலே கிட்டாரின் சத்தம் வேறாகிவிடும். ஏன் என்று புரிந்துகொள்ள ஒரு ஜோடியை எடுத்துக்கொள்வோம்: சத்தத்தை இலேசாகக் கரகரப்பாக்கும் டியூப் ஸ்க்ரீமர் வகை ஓவர்டிரைவ், அதைவிடக் கடுமையாகக் கரகரப்பாக்கும், பாஸ் நிறுவனம் 1978இல் கொண்டுவந்த டி.எஸ்-1 (DS-1) டிஸ்டார்ஷன்.

டியூப் ஸ்க்ரீமர் எல்லா ஒலியையும் ஒரே அளவில் பெருக்குவதில்லை. சுமார் 720 ஹெர்ட்ஸுக்குக் கீழே போகப் போகப் பெருக்கம் குறைகிறது. மேலே உள்ள கூர்மையை டோன் பகுதி குறைக்கிறது. மிஞ்சுவது மிட், அதாவது நடு அலைவரிசைகளின் மேடு. டி.எஸ்-1 நேர் எதிர். அதில் உள்ள டையோடுகள் சிக்னலின் உச்சியை ஏறக்குறைய 0.7 வோல்ட்டில் தறித்துவிடுகின்றன. அதற்குப் பின்னால் வரும் டோன் பகுதி, குமிழ் நடுவில் இருக்கும்போது, மிட்டில் ஒரு பள்ளம் பறிக்கிறது. ஒன்று மேடு, ஒன்று பள்ளம். எது கடைசியில் நிற்கிறதோ அதன் வடிவம்தான் ஆம்புக்குப் போய்ச் சேரும்.

ஓவர்டிரைவ் முன்னால்

மெட்டல் ரிதம் வாசிப்பவர்களுக்கு இதுதான் சரி. கீழ்க்கம்பிகளில் பாம் மியூட் (உள்ளங்கையால் கம்பியை லேசாக அமுக்கியபடி) அடிக்கும்போது டிஸ்டார்ஷன் குழைந்து போவதற்குக் காரணம், பேஸ் (தாழ்ந்த ஒலி) அளவுக்கு மீறி டையோடுகளை முட்டுவது. ஓவர்டிரைவ் முன்னால் நின்று அந்த பேஸை இளைக்க வைத்து அனுப்புவதால் ஒவ்வொரு அடியும் தனித்தனியாகத் தெறிக்கும்.

டிரைவ் குமிழைப் பூஜ்யத்தில் அல்லது கடிகாரத்தில் 8 மணி அளவில் வைக்கவும். லெவல் 2 மணிக்கு மேல். டோன் 12 மணி. டி.எஸ்-1இன் டிஸ்ட் குமிழை வழக்கமாக வைப்பதைவிடக் குறைத்து 10 மணியில் தொடங்கவும். இங்கேதான் பலர் தவறுகிறார்கள். இரண்டு பெடலிலும் கெயினை (பெருக்கத்தை) ஏற்றினால் சத்தம் கனமாகாது. கார்டுக்குள் இருக்கும் சுரங்கள் ஒன்றோடொன்று கலங்கி, எந்தக் கார்டு என்றே தெரியாமல் போகும்.

இன்னொன்று, இந்த வரிசையில் ஓவர்டிரைவை மிதித்தால் வால்யூம் பெரிதாக ஏறாது. டி.எஸ்-1 ஏற்கெனவே 0.7 வோல்ட்டில் தறித்துக்கொண்டிருக்கிறது. உள்ளே எவ்வளவு தள்ளினாலும் வெளியே வரும் உயரம் ஏறக்குறைய அதேதான். சுரம் நீண்டு நிற்கும், கிட்டாரைத் தொட்டாலே பாடும், ஆனால் டிரம்ஸைத் தாண்டி மேலே வராது. சோலோவில் சத்தம் போதவில்லை என்று லெவலை இன்னும் இன்னும் திருகுவது வீண்.

ஓவர்டிரைவ் பின்னால்

சோலோவுக்கு வால்யூம் வேண்டுமென்றால் ஓவர்டிரைவ் பின்னால் வரவேண்டும். டிரைவ் பூஜ்யம், லெவல் தேவைக்கேற்ப. டி.எஸ்-1 பறித்த பள்ளத்தை மிட் மேடு நிரப்புவதால், இரண்டாவது கிட்டாரும் கீபோர்டும் நிறைந்த மேடையிலும் லீட் தெளிவாகக் கேட்கும். மெல்லிசைக் கச்சேரிகளில் வாசிக்கும் லீட் கிட்டாரிஸ்டுகளுக்கு எங்கள் முதல் பரிந்துரை இதுதான்.

ஒரு நிபந்தனை உண்டு: ஆம்ப் கிளீனாக இருக்கவேண்டும். ரோலண்ட் ஜேசி-120 மாதிரி சுத்தமான ஆம்பில் இது அருமையாக வேலை செய்யும். வால்வு ஆம்பைத் திருகி அதன் சத்தமே கரகரக்கும் நிலையில் வைத்திருந்தால், பெடல் தரும் கூடுதல் உயரத்தை ஆம்ப் தறித்துவிடும். எந்த வரிசையிலும் வால்யூம் ஏறாது.

இங்கே செய்யக்கூடாதது டிரைவை 12 மணிக்கு மேல் ஏற்றுவது. ஏற்கெனவே சதுரமாகத் தறிபட்ட சிக்னலை மறுபடி தறித்தால், பிக்கை மெதுவாக அடித்தாலும் ஓங்கி அடித்தாலும் ஒரே சத்தம்தான். ஈரக் கம்பளி போர்த்திய மாதிரி இருக்கும்.

ராட் (RAT) என்ற டிஸ்டார்ஷன் பெடல் வைத்திருப்பவர்களுக்கு இந்தக் கணக்கு கொஞ்சம் மாறும். அதில் மிட் பள்ளம் இல்லை. ஃபில்டர் குமிழ் மேலே உள்ள ட்ரெபிளை மட்டும் வெட்டுகிறது, அதுவும் வலப்பக்கம் திருகத் திருக வெட்டு கூடும். ஆகவே பின்னால் வரும் டியூப் ஸ்க்ரீமர் மிட்டை அளவுக்கு மீறி மூக்கடைப்பாக்கிவிடலாம். ராட்டுடன் ஓவர்டிரைவை முன்னால் வைப்பதே மேல்.

இரைச்சல்

முன்னால் வைத்த ஓவர்டிரைவின் லெவல் கூடினால், கிட்டாரின் சிங்கிள் காயில் பிக்கப் வாங்கும் 50 ஹெர்ட்ஸ் முனகலையும் டிஸ்டார்ஷன் சேர்த்துப் பெருக்கும். பின்னால் வைத்தால் டிஸ்டார்ஷனின் சீற்றம் லெவலோடு சேர்ந்து உயரும். வாசிக்காதபோது இரைச்சலை அடைக்கும் நாய்ஸ் கேட் இரண்டுக்கும் பிறகு, எதிரொலி தரும் டிலேவுக்கு முன்னால் வரவேண்டும். டிலேவுக்குப் பின்னால் போட்டால் எதிரொலியின் வாலை வெட்டிவிடும்.

பெங்களூரில் மணிக்கணக்கில் வாடகைக்கு எடுக்கும் ஜாம் ரூமானாலும் அல்சூரின் பழைய வீடானாலும், முதலில் பார்க்கவேண்டியது சுவர் சாக்கெட்டில் எர்த் இருக்கிறதா என்பது. எர்த் இல்லாத இடத்தில் பெடல் வரிசையைக் குறைசொல்லிப் பயனில்லை. முனகல் போகட்டும் என்று ஆம்பின் எர்த் பின்னை மட்டும் ஒருபோதும் துண்டிக்காதீர்கள். ஆம்பில் கசிவு இருந்தால் கிட்டார் கம்பி வழியாக ஷாக் அடிக்கும். இந்த இரண்டு பெடல்களுக்கும் ஒரே 9 வோல்ட் அடாப்டரில் கிளை ஒயர் போதும். இரண்டும் சில மில்லிஆம்பியர்தான் எடுக்கும். டிஜிட்டல் டிலே சேர்ந்தால் அதற்குத் தனி சப்ளை கொடுங்கள், இல்லாவிட்டால் கீச்சென்று ஒரு சத்தம் உள்ளே வரும். பெங்களூரின் மின்னணுக் கடைத்தெருவான எஸ்.பி. ரோட்டில் அடாப்டர் வாங்கும்போது வோல்ட்டை மட்டும் பார்த்தால் போதாது. பிளக்கின் நடுமுனை நெகட்டிவ் என்று அதன் மேல் குறி இருக்கவேண்டும்.

சோதிக்கும் முறை

முதலில் டிஸ்டார்ஷனை மட்டும் போட்டு, ஆன், ஆஃப் இரண்டிலும் வால்யூம் சமமாக இருக்கும்படி லெவலை வையுங்கள். ஓவர்டிரைவையும் தனியாக அப்படியே சமன் செய்யுங்கள். பிறகுதான் இரண்டையும் சேர்த்து, மேலே சொன்ன செட்டிங்கிலிருந்து திருகத் தொடங்கவேண்டும். சமன் செய்யாமல் ஒப்பிட்டால், எது சத்தமாக இருக்கிறதோ அதுதான் நன்றாக இருப்பதாகக் காது சொல்லும். இதைத் தனி அறையில் முடிவு செய்யாமல் டிரம்ஸும் பேஸ் கிட்டாரும் ஓடும்போது செய்யுங்கள். தனியாகக் கேட்கும்போது குத்தலாகத் தெரியும் மிட்தான் பேண்டுக்குள் கிட்டாரைக் காட்டிக்கொடுக்கும்.

ரிதமுக்கு இறுக்கமும் சோலோவுக்கு வால்யூமும் ஒரே பாட்டில் வேண்டுமென்றால் ஓவர்டிரைவை முன்னாலேயே விட்டுவிட்டு, டிஸ்டார்ஷனுக்குப் பின்னால் ஒரே குமிழ் உள்ள கிளீன் பூஸ்ட் (கரகரப்பு சேர்க்காமல் வால்யூமை மட்டும் ஏற்றும் பெடல்) ஒன்றைச் சேருங்கள்.