கோத்தகிரிப் பக்கம் ஒரு அரசுத் தொடக்கப்பள்ளி: பிள்ளையைச் சேர்க்கலாமா?

எங்கள் ஊர் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப்பள்ளியில் என் மகள் இரண்டாம் வகுப்பு படிக்கிறாள். கோத்தகிரியிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி, சுற்றிலும் தேயிலை, நடுவில் ஓடு போட்ட பழைய கட்டடம், பக்கத்திலேயே பிறகு கட்டிய கான்கிரீட் வகுப்பறை. மே மாதம் வந்தால் போதும், "அக்கா, அங்க நல்லா சொல்லித் தர்றாங்களா, நம்பிச் சேர்க்கலாமா?" என்று யாராவது கேட்டுவிடுகிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்வதைவிட எழுதிவிடலாம் என்று தோன்றியது. குறைகளையும் சொல்லப்போவதால் பள்ளியின் பெயரைப் போடவில்லை. என் பதில், சேர்க்கலாம். ஐந்துக்கு நான்கு நட்சத்திரம் கொடுப்பேன்.

காலைச் சாப்பாட்டிலிருந்து தொடங்குகிறேன், மலையில் அது பெரிய விஷயம். இலை பறிக்கப் போகிற அம்மாக்கள் பிள்ளை கண் விழிப்பதற்குள் கிளம்ப வேண்டியிருக்கிறது. முன்பெல்லாம் பாதிப் பிள்ளைகள் ஒரு டம்ளர் டீயும் ரெண்டு வர்க்கியும்தான் வயிற்றில் போட்டுக்கொண்டு வருவார்கள், பத்து மணிக்கெல்லாம் பெஞ்சில் சாய்ந்துவிடுவார்கள். 2022 செப்டம்பரில் மதுரையில் தொடங்கிய காலை உணவுத் திட்டம் 2023 ஆகஸ்டில் எல்லா அரசுத் தொடக்கப்பள்ளிகளுக்கும் வந்தது. எங்கள் பள்ளியில் சமைப்பது ஊர் மகளிர் குழுவைச் சேர்ந்த ஒரு அக்கா, அவருடைய மகனும் அங்கேயே படிக்கிறான். உப்புமா, கிச்சடி, பொங்கல் என்று கிழமைக்கு ஒன்று, கூடவே காய்கறி போட்ட சாம்பார். மூடுபனியில் எதிரில் வருகிற ஆள் தெரியாத காலையிலும் அந்தச் சாம்பார் சூடாக இருக்கிறது, நான் போய்ச் சாப்பிட்டே பார்த்திருக்கிறேன். மதியம் சத்துணவு, முட்டையோடு.

சரி, படிப்பு. ஒன்று முதல் மூன்று வரை 'எண்ணும் எழுத்தும்' முறையில் நடக்கிறது. கொரோனாவில் பள்ளிகள் மூடிக்கிடந்து பிள்ளைகள் எழுத்தையே மறந்துபோனதால் 2022இல் கொண்டுவந்தது இது. மூன்று வகுப்பும் சேர்ந்து உட்காரும், ஆனால் பிள்ளை எந்த நிலையில் இருக்கிறதோ அதற்கேற்ப அரும்பு, மொட்டு, மலர் என்று பிரித்துச் சொல்லித்தருவார்கள். பார்க்கிறவர்களுக்கு விளையாட்டு மாதிரிதான் தெரியும். பாட்டு, அட்டை, கைத்தட்டல், கூழாங்கல். "இது படிப்பா?" என்று என் மாமியார்கூடக் கேட்டார். ஜார்கண்டிலிருந்து எஸ்டேட் வேலைக்கு வந்த குடும்பத்துப் பெண் ஒருத்தி தமிழ் ஒரு வார்த்தை தெரியாமல் வந்து சேர்ந்தாள், வயதுக்கு மூன்றாம் வகுப்பு. அவளை டீச்சர் கூச்சப்படவிடாமல் அரும்புப் பிள்ளைகளோடு உட்காரவைத்துப் பட அட்டையிலிருந்து தொடங்கினார். இப்போது பஸ் ஸ்டாப்பில் நின்று, வருகிற பஸ்ஸின் போர்டை எழுத்துக் கூட்டிப் படித்து அவளுடைய அம்மாவுக்குச் சொல்கிறாள். அவள் "கோத்...தகி...ரி" என்று படித்ததைப் பக்கத்தில் நின்று கேட்டபோது அந்த டீச்சர் கையைப் பிடித்துக்கொள்ள வேண்டும்போல இருந்தது எனக்கு.

புத்தகம், நோட்டு, சீருடை, செருப்பு, பை எல்லாம் இலவசம். மலைப்பகுதி என்பதால் கம்பளிச் சட்டை, மழைக்கோட்டு, பூட்ஸும் உண்டு. ஆனால் கம்பளிச் சட்டை இந்த வருடம் குளிர் பாதி போன பிறகுதான் கைக்கு வந்தது. கோத்தகிரிப் பக்கம் ஐப்பசி கார்த்திகை மழைதான் பிழிந்தெடுக்கும். அதற்கு முன்னால் தராவிட்டால் தந்து என்ன பிரயோசனம்?

இனி ஒரு நட்சத்திரத்தை ஏன் குறைத்தேன் என்று சொல்கிறேன். ஐந்து வகுப்புக்கும் சேர்த்து ரெண்டே டீச்சர். ஒருவர் ஹெட்மாஸ்டர், அவருக்கு எமிஸ் (பள்ளிக் கல்வித் துறையின் இணையத் தகவல் தளம்) பதிவு, பயிற்சி, வட்டாரக் கல்வி அலுவலகக் கூட்டம் என்று வேலை வந்துகொண்டே இருக்கிறது, சிக்னல் கிடைக்காத நாளில் வருகைப் பதிவு போட மேட்டுக்கு ஏறிப் போகிறார். அப்படிப் போன நாளில், இன்னொருவருக்குக் காய்ச்சலும் வந்துவிட்டால் கதை முடிந்தது. நாலாவது ஐந்தாவது பிள்ளைகள்தான் இதில் அதிகம் அடிபடுகிறார்கள். வகுத்தலும் பின்னமும் நின்று நிதானமாகச் சொல்லித்தர வேண்டியவை, அதற்கு ஆள் வேண்டும். ஆங்கிலமும் அப்படித்தான், வாசிக்கிறார்கள், பேச வருவதில்லை.

ஏன் ரெண்டு டீச்சர் என்றால், கணக்கு அப்படி. 2009இன் கல்வி உரிமைச் சட்டப்படி தொடக்கப்பள்ளியில் 60 பிள்ளைகள் வரை ரெண்டு ஆசிரியர், 61 முதல் 90 வரை மூன்று, 91 முதல் 120 வரை நாலு. ஊரில் பாதிப் பிள்ளைகள் காலையில் தனியார் பள்ளி வேனில் ஏறிவிடுகிறார்கள், மிச்சமிருப்பவர்களை வைத்து 60ஐத் தொட முடியவில்லை. டீச்சர் குறைவு என்று பிள்ளையை எடுக்கிறோம், எடுத்ததால் மூன்றாவது டீச்சர் வருவதே இல்லை, அதைக் காட்டி அடுத்த வீட்டுக்காரரும் எடுக்கிறார். இது எனக்கு உண்மையாகவே வேதனையாக இருக்கிறது, ஏனென்றால் போக வழியில்லாத பிள்ளைகள்தான் கடைசிவரை அங்கே உட்கார்ந்திருக்கிறார்கள்.

தனியார் பள்ளிக்கு அனுப்புகிறவர்களை நான் குறை சொல்லவில்லை. ஆங்கிலம் வேண்டும் என்ற ஆசை நியாயமானது. ஆனால் பச்சைத் தேயிலைக்கு அடுத்த மாதம் என்ன விலை கிடைக்கும் என்றே தெரியாத வீட்டில் டெர்ம் ஃபீஸ், வேன் ஃபீஸ் என்று தலையில் ஏற்றிக்கொள்வதற்கு முன்னால் ஒருமுறை உட்கார்ந்து கணக்குப் போடுங்கள். கல்வி உரிமைச் சட்டப்படி தனியார் பள்ளியில் 25 சதவீத இலவச இடம் இருக்கிறதே என்பார்கள். அது எல்.கே.ஜி.யிலோ ஒன்றாம் வகுப்பிலோ சேரும்போது மட்டும்தான், எட்டாம் வகுப்போடு முடிந்துவிடும். மலையில் பேர்போன பள்ளிகளில் பல சிறுபான்மையினர் நடத்துபவை, அவற்றுக்கு இந்தச் சட்டம் பொருந்தாது என்று 2014இலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. 2025இல் மத்திய அரசின் நிதி வராத தகராறில் அந்தச் சேர்க்கையே மாதக்கணக்கில் தள்ளிப்போனது. அதை மட்டும் நம்பி இருக்காதீர்கள்.

ஐந்தாவதுக்குப் பிறகு என்ன செய்வது என்பதையும் இப்போதே யோசியுங்கள். ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தால் மருத்துவப் படிப்பில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு கிடைக்கும், கல்லூரி போகும்போது மாதம் 1,000 ரூபாய் தருகிற புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களுக்கும் அந்த வருடங்கள்தான் கணக்கு. நடுவில் ரெண்டு வருடம் வேறு பள்ளிக்கு மாற்றிவிட்டுத் திரும்பக் கொண்டுவந்தால் சிக்கல். எங்கள் ஊரிலிருந்து மேல்நிலைப்பள்ளிக்கு பஸ்ஸில்தான் போக வேண்டும். பஸ் பாஸ் இலவசம், ஆனால் சாயங்காலம் ஒரு பஸ் வராவிட்டால் இருட்டிவிடும், வழியில் காட்டெருமை நிற்கும், கரடியும் வரும். பெண்பிள்ளை வைத்திருக்கிற வீட்டில் இந்தப் பயம்தான் பெரிய பயம். தொலைவில் இருக்கும் குடியிருப்புப் பிள்ளைகளுக்குப் போக்குவரத்து, வழிக்காவலர் உதவி என்று ஒரு ஏற்பாடு அரசிடம் இருக்கிறது, ஹெட்மாஸ்டரிடம் கேளுங்கள், கேட்காமல் யாரும் வந்து சொல்லமாட்டார்கள்.

சேர்க்கிறவர்கள் பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்துக்கும் கட்டாயம் போங்கள். அந்தக் குழுவில் பெற்றோர்தான் அதிகம், தலைவரும் ஒரு மாணவரின் அம்மாதான். கழிப்பறையில் தண்ணீர் வராததை நாங்கள் வாசலில் நின்று ஆளாளுக்குப் புலம்பியபோது ஒன்றும் நடக்கவில்லை. கூட்டத்தில் தீர்மானமாக எழுதி எல்லோரும் கையெழுத்துப் போட்ட பிறகு குழாய் வந்தது. கூலியை விட்டுவிட்டு வர முடியாது என்பவர்களுக்காகக் கூட்டத்தைச் சாயங்காலம் வையுங்கள் என்று கேட்டிருக்கிறோம், டீச்சரும் சரி என்றிருக்கிறார்.

கடைசியாக, சேர்க்கைக்கு ஜூன் மாதமே வந்துவிட வேண்டும் என்று இல்லை, பிறப்புச் சான்றிதழ் கையில் இல்லாவிட்டாலும் பிள்ளையைத் திருப்பி அனுப்பக்கூடாது என்பது சட்டம். ஆனால் ஆகஸ்ட் 1 அன்று இருக்கிற எண்ணிக்கையை வைத்துத்தான் ஆசிரியர் பணியிடத்தைக் கணக்கிடுகிறார்கள். எப்படியும் சேர்ப்பது என்று இருந்தால் ஜூலைக்குள் வந்து பெயரைக் கொடுத்துவிடுங்கள், அப்போதுதான் மூன்றாவது டீச்சர் வேண்டும் என்று எங்களால் கேட்க முடியும்.